வீட்டில் விமானம் கட்டக் கருவிகள் வாங்குவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் சொந்தக் கராஜிலேயே இரண்டு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டி, சட்டப்படி பதிவு செய்து பறக்கலாம். கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய கிட் எங்கே வாங்குவது, எந்த மாடல் நல்லது என்பதைப் பற்றி வேண்டிய அளவு தகவல் கிடைக்கிறது. கருவிகள் என்று கேட்டால்தான் குழப்பம். ஆளுக்கொரு பட்டியல் கொடுக்கிறார்கள். சிலர் பத்தாயிரம் டாலருக்குக் கணக்குப் போடுகிறார்கள், சிலர் ட்ரில்லும், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கும் ரிவெட் கன்னும் போதும் என்கிறார்கள். அளவுக் கருவிகளையும் சோதனைக் கருவிகளையும் பற்றிப் பேசுபவர்கள் இன்னும் குறைவு. நான் பல மாதங்கள் தேடி அலைந்து சேர்த்ததை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன்.

நான் கட்டுவது ரிவெட் அடிக்கும் அலுமினிய விமானம், வேன்ஸ் என்ற கிட் நிறுவனத்தின் ஆர்வி வகை. ஆகவே இதில் உள்ள பெரும்பாலானவை தகட்டு விமானத்துக்குப் பொருந்தும். ஃபைபர் கிளாஸ் விமானம் கட்டுபவர்கள் 1ஆம் பகுதியைப் படித்துவிட்டு 6ஆம் பகுதிக்குப் போகலாம்.

1. கருவிக்கு முன் குடியுரிமையைப் பாருங்கள்

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அமெரிக்காவில் விமானத்தை உங்கள் பெயரில் பதிவு செய்ய நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது கிரீன் கார்டு வைத்திருக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர் கிட் வாங்கலாம், கட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கடைசியில் விமானத்தின் பதிவு எண்ணான என்-நம்பர் வாங்கப் போகும்போதுதான் கதவு மூடியிருக்கும். டிரஸ்ட் ஒன்றை அமைத்து அதன் பெயரில் பதிவு செய்யும் வழி இருக்கிறது. அதற்கு வக்கீல் செலவும் ஆண்டுக் கட்டணமும் உண்டு.

இதோடு இன்னொன்று. விமானத்தைக் கட்டியவர் ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கினால், ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பரிசோதனையைத் தானே செய்து கையெழுத்துப் போடலாம். இந்தச் சான்றிதழும் குடிமகனுக்கோ கிரீன் கார்டுக்காரருக்கோதான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆண்டும் உரிமம் பெற்ற மெக்கானிக்குக் காசு கொடுக்க வேண்டும். கட்டி முடிக்க எப்படியும் சில ஆண்டுகள் ஆகும், அதற்குள் கிரீன் கார்டு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பலர் ஆரம்பிக்கிறார்கள். தவறில்லை. ஆனால் தெரிந்தே ஆரம்பியுங்கள்.

முதல் கருவி வாங்கும் நாளிலேயே கட்டுமானப் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். விமானத்தின் பெரும்பகுதி வேலையை அமெச்சூர்கள்தான் செய்தார்கள் என்பதை அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏவின் ஆய்வாளரிடம் நிரூபிக்க வேண்டும். தேதி, செய்த வேலை, அந்த வேலைக்கான கிட் புத்தகப் பக்கம், புகைப்படம், இவ்வளவு போதும். படங்களில் அவ்வப்போது உங்கள் முகமும் இருக்கட்டும். ரசீதுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் கடை ரசீதுகள் ஓரிரு ஆண்டில் வெளுத்துப் போகும்.

2. ரிவெட் வகையை வைத்துத்தான் பட்டியல்

தகட்டு விமானம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஆர்வி-12, மிசூரி மாநிலத்தின் ஜெனித் கிட்கள் போன்றவற்றில் பெரும்பாலும் இழுத்துப் பொருத்தும் பாப் ரிவெட்தான். அதற்கு நல்ல காற்று ரிவெட்டர் ஒன்று, ட்ரில், தகடுகளைப் பிடிக்கும் க்ளீக்கோக் கிளிப்கள், கைக்கருவிகள் இருந்தால் வேலை நடக்கும். ஆர்வி-7, ஆர்வி-10, ஆர்வி-14 போன்றவற்றில் ஒரு பக்கம் கன்னால் அடித்து மறுபக்கம் பக்கிங் பார் என்ற கனமான உலோகத் துண்டைப் பிடித்து இறுக்கும் திட ரிவெட். கருவிச் செலவு அங்கே இரண்டு மூன்று மடங்கு. புதிதாக வாங்கினால், கம்ப்ரஸர் நீங்கலாக, சுமார் 3,000 முதல் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எது என்று முடிவாகும்வரை எதுவும் வாங்காதீர்கள். ஜெனித் தொழிற்சாலையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனால் சுக்கான் ஒன்றைக் கட்டி வீட்டுக்கே எடுத்து வரலாம். வேன்ஸ் நிறுவனம் சின்னச் சின்னப் பயிற்சிக் கிட்கள் விற்கிறது. வீட்டில் விமானம் கட்டுபவர்களின் சங்கமான இஏஏவின் உள்ளூர்க் கிளைக்குப் போனால் யாராவது ஒருவர் தன் கராஜில் உங்களை ரிவெட் அடிக்க விடுவார். ஒரு சனிக்கிழமை அப்படிப் போய் வந்தாலே எந்தக் கருவி உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். ஜூலை கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷில் நடக்கும் இஏஏ விழாவுக்குப் போக முடிந்தால் கருவி விற்பவர்களின் கடைகளில் நேரில் பிடித்துப் பார்த்து வாங்கலாம்.

3. ரிவெட்டைத் தொடும் கருவிகளில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

ரிவெட் கன்: 3எக்ஸ் அளவு போதும். 4எக்ஸ் கனமானது, மெல்லிய தகட்டில் புதியவர் கையில் அடி பலமாக விழும். கவனிக்க வேண்டியது ட்ரிகர். மெல்ல அழுத்தினால் மெல்லத் தட்டி, போகப்போக வேகம் கூட வேண்டும்.

பக்கிங் பார்: டங்ஸ்டனில் ஒன்று வாங்குங்கள். எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி. அதனால் இறக்கைக்குள் விலா எலும்புபோல வரிசையாக இருக்கும் சட்டங்களுக்கு நடுவே நுழையும் சின்னத் துண்டிலேயே போதுமான கனம் கிடைக்கிறது. விலை 100 டாலருக்கு மேல்தான். இருந்தாலும், நான் வாங்கியவற்றில் இதுபோல வேலையைச் சுலபமாக்கியது வேறில்லை. கூட ஓரிரண்டு எஃகுப் பார்கள் இருந்தால் போதும். பட்டியலில் போடும் ஏழெட்டு வடிவங்களும் தேவைப்படாது.

ஸ்குவீசர்: ஓரங்களில் உள்ள ரிவெட்களை அடிக்காமல் நசுக்கி இறுக்கும் கருவி. கையால் அழுத்துவது மலிவு. காற்றில் இயங்குவதற்கு, ரிவெட்டைக் கவ்வும் யோக் என்ற முனைகளோடு சேர்த்து பல நூறு டாலர் ஆகும். கையிலும் மணிக்கட்டிலும் வலி உள்ளவர்கள் யோசிக்காமல் காற்று ஸ்குவீசருக்குப் போங்கள். யோக் வாங்கும்போது அது உங்கள் ஸ்குவீசருக்குப் பொருந்துமா என்று கேட்டே வாங்குங்கள். எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

டிம்பிள் டைகள்: பதிந்த தலை ரிவெட் தகட்டோடு சமமாக உட்காரத் துளையைச் சுற்றிக் குழி அமைப்பவை. 3/32, 1/8 அங்குல ரிவெட்களுக்கும் 6, 8 எண் திருகுகளுக்கும் வேண்டும். மலிவான டை குழியின் விளிம்பைக் கூர்மையாக்காமல் மழுக்கிவிடும். இறக்கை மேல்தோலில் வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் பள்ளம் தெரியும். அப்புறம் சரிசெய்ய வழியில்லை.

க்ளீக்கோ: துணி தைக்கும்முன் குண்டூசி குத்தி வைப்பதுபோல, தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் கிளிப். நிறத்தை வைத்துத்தான் அளவு: 3/32க்கு வெள்ளி, 1/8க்கு செம்பு, 5/32க்குக் கறுப்பு, 3/16க்குப் பித்தளை நிறம். வெள்ளி நிறத்தில் சில நூறு வேண்டும், செம்பு நிறத்தில் அதில் பாதி. கறுப்பும் பித்தளையும் கொஞ்சம் போதும். இவற்றைப் பழையதாகவே வாங்குங்கள்.

ரிவெட் கேஜ்: சில டாலர்தான், ஆனால் தினமும் கையில் இருக்க வேண்டியது. இறுக்கிய ரிவெட்டின் தலை, ரிவெட் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும். 1/8 ரிவெட் என்றால் சுமார் 0.188 அங்குல அகலம், 0.063 உயரம். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அமர்விலும் முதலில் கழிவுத் தகட்டில் நாலு ரிவெட் அடித்து, கேஜ் வைத்து, அதற்கேற்ப காற்றழுத்தத்தை அமைத்துவிட்டு விமானத்தில் கை வையுங்கள். அந்தக் கழிவுத் தகட்டில் தேதி எழுதிப் படம் எடுத்து வைத்தால் பதிவேட்டுக்கும் ஆகும்.

4. பார்க்க ஒன்றுபோல இருக்கும், வாங்கிவிடாதீர்கள்

பக்கத்து ஹார்டுவேர் கடையில் பாதி விலைக்கு அதே கருவி இருக்கும். சில உண்மையிலேயே அதேதான். கீழே உள்ளவை வேறு.

ட்ரில் பிட்: கடையில் கிடைப்பது பின்ன அளவில். 3/32 ரிவெட்டுக்கு 3/32 பிட்டால் துளையிட்டால் ரிவெட் உள்ளே போகாது. 40 எண் பிட் வேண்டும், 0.098 அங்குலம். 1/8 ரிவெட்டுக்கு 30 எண், 0.1285 அங்குலம். இந்த இரண்டு எண்களிலும் பத்துப் பன்னிரண்டு பிட்களை மொத்தமாக வாங்குங்கள், மழுங்கியதும் தூக்கிப்போடுங்கள். துளைகள் முன்னமே குத்தி வரும் கிட் என்றால் அதே எண்களில் ரீமர் வாங்கினால் துளை இன்னும் வட்டமாகவும் சுத்தமாகவும் வரும்.

கவுண்டர்சிங்க் (தலை உட்காரத் துளையின் வாயைச் சரிவாகக் குடையும் பிட்): ஹார்டுவேர் கடையில் 82 பாகைதான் இருக்கும். விமான ரிவெட்டின் தலை 100 பாகை. ஆழத்தைப் பூட்டி வைக்கும் மைக்ரோஸ்டாப் கூண்டோடு சேர்த்து விமானக் கருவிக் கடையில்தான் வாங்க வேண்டும்.

குழாய் விரிக்கும் கருவி: கார் பிரேக் குழாய்க்கானது 45 பாகை, விமானத்தில் 37 பாகை. 45 பாகையில் விரித்த குழாயை விமான இணைப்பில் இறுக்கினால் முதலில் பிடிப்பதுபோலத் தெரியும், அதிர்வில் கசியும் அல்லது விரிசல் விடும். எரிபொருள் குழாயில் இது உயிர்ப் பிரச்சினை.

ஏர் ஹாமர்: கார் பட்டறைக் காற்றுச் சுத்தியலில், ரிவெட் தலையைத் தட்டும் முனையான ரிவெட் செட் சரியாகவே மாட்டும், தண்டின் அளவு 0.401 அங்குலம் என்று இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் அடியின் வேகத்தை விரலால் அடக்க முடியாது. தகடு நெளிந்துவிடும்.

இனி, தைரியமாகச் சாதாரணக் கடையில் வாங்கக்கூடியவை: பெஞ்ச் கிரைண்டர், அரங்கள், இடது வலது தகட்டுக் கத்தரிகள், ஸ்டெப் ட்ரில், பிசிறு நீக்கும் கருவி, சி-கிளாம்புகள், காது மூடி, கண்ணாடி. கிரைண்டரில் மாட்டும் ஸ்காட்ச்-பிரைட் சக்கரத்தை அலுமினியத்துக்கு மட்டும் வையுங்கள். அதில் எஃகைத் தேய்த்தால் இரும்புத் துகள் தங்கி, அடுத்து தேய்க்கும் அலுமினியத்தில் பதிந்து அரிப்பைக் கிளப்பும். அலுமினியத்தில் பென்சிலால் கோடு போடுவதும் வேண்டாம், கிராஃபைட்டும் அதே வேலையைச் செய்யும். ஷார்ப்பி பேனா போதும்.

5. கம்ப்ரஸரும் இடமும்

ரிவெட் கன் அதிகக் காற்றுக் குடிக்காது, காற்று ட்ரில்லும் சாண்டரும்தான் குடிக்கும். 90 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் நிமிடத்துக்கு 5, 6 கன அடி தரும் 20 முதல் 30 காலன் கம்ப்ரஸர் ஒருவர் வேலைக்குத் தாராளம். கராஜில் சாதாரண மின் இணைப்பிலேயே ஓடும். பெயின்ட் நீங்களே அடிப்பதாக இருந்தால் மட்டும் பெரியது வேண்டும். அதற்கு 240 வோல்ட் இணைப்பு இழுக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எண்ணெய் இல்லாத மலிவு வகைகள் சத்தத்தில் வீட்டாரையும் பக்கத்து வீட்டாரையும் விரட்டிவிடும். ஈரம் பிரிக்கும் வடிகட்டியும், கன் பக்கத்தில் மாட்டும் சின்ன ரெகுலேட்டரும் மறக்க வேண்டாம்.

6. டார்க் ரெஞ்ச்: இரண்டு வேண்டும், காரணம் இருக்கிறது

டார்க் ரெஞ்ச் என்பது நட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் கருவி. விமானத்தில் அதிகம் வரும் ஏஎன்3 என்ற அளவு போல்ட்டின் நட்டுக்கு 20 முதல் 25 அங்குல-பவுண்டு. ஏஎன்4க்கு 50 முதல் 70. ஏஎன்5க்கு 100 முதல் 140. கார் சக்கரத்துக்கு வாங்கிய ரெஞ்ச் அடி-பவுண்டில் இருக்கும். 24 அங்குல-பவுண்டு என்பது வெறும் 2 அடி-பவுண்டு, அந்த ரெஞ்சில் இந்த அளவே கிடையாது. 'கிளிக்' வகை ரெஞ்சுகள் தங்கள் எல்லையின் அடிப்பகுதியில் நம்பகமாக இருக்காது. ஆகவே 200 அங்குல-பவுண்டு வரை போகும் சின்னது ஒன்று, எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் பெரியது ஒன்று.

சுயமாகப் பூட்டும் நட்டைத் திருகும்போதே ஒரு எதிர்ப்பு இருக்கும். அதை முதலில் அளந்து, அட்டவணை எண்ணோடு கூட்டித்தான் ரெஞ்சை அமைக்க வேண்டும். இடுக்கில் எட்டுவதற்காக ரெஞ்சின் முனையில் க்ரோஃபுட் என்ற திறந்த வாய்த் துண்டை மாட்டினால் ரெஞ்சின் நீளம் கூடி, காட்டுவதைவிட அதிகமாக இறுகும். க்ரோஃபுட்டை ரெஞ்சுக்கு 90 பாகையில் திருப்பி மாட்டினால் இந்தக் கணக்கே வராது. உங்கள் கிட் புத்தகத்திலோ எஞ்சின் புத்தகத்திலோ வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம்.

ரெஞ்ச் உண்மை சொல்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அதன் சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி கிடைமட்டமாக இருக்கும்படி வைத்து, முனையிலிருந்து சரியாக 10 அங்குலத்தில் 10 பவுண்டு எடையைத் தொங்கவிடுங்கள். அது 100 அங்குல-பவுண்டு. ரெஞ்சை 90இல் வைத்தால் கிளிக் ஆக வேண்டும், 115இல் வைத்தால் ஆகக் கூடாது. ரெஞ்சின் சொந்த எடையும் கொஞ்சம் சேரும், அதனால் இது சான்றிதழுக்கு ஈடாகாது. கெட்டுப்போன ரெஞ்சைப் பிடிக்க உதவும். வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

அளவுத்திருத்தச் சான்றிதழோடு வரும் ரெஞ்ச் என்றால் ஒன்றைச் சரிபாருங்கள். இணையக் கடை ஒன்றில் நான் வாங்கியதில், சான்றிதழில் இருந்த தொடர் எண்ணும் ரெஞ்சில் பொறித்திருந்த எண்ணும் வேறு வேறு. காகிதம் இருந்தும் பயனில்லை, மாற்றி வாங்கப் பல வாரங்கள் போயின. பெட்டியைப் பிரித்தவுடன் இரண்டு எண்ணையும் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள்.

இதே பகுதியில் இன்னும் மூன்று: டிஜிட்டல் காலிப்பர், டிஜிட்டல் ரசமட்டம், தூக்குக்குண்டு. இறக்கையின் கோணம், இறக்கையிலும் வாலிலும் அசையும் பகுதிகளான ஏலரான், ஃபிளாப், எலிவேட்டர் எத்தனை பாகை அசைகின்றன என்பதையெல்லாம் ரசமட்டம்தான் சொல்லும். 0.1 பாகை காட்டுவது போதும். வாங்கியதும் மேசையில் ஒரு கோட்டின் மேல் வைத்து அளவைக் குறித்து, அதே கோட்டில் முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். சரிவு அதே எண்ணாக எதிர்ப்பக்கம் காட்ட வேண்டும். இல்லையென்றால் பூஜ்ஜியம் அமைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

7. மின்வேலைக்கு

இங்கே காசு போக வேண்டிய இடம், வயரின் முனையில் இணைப்பை அழுத்திப் பொருத்தும் கிரிம்பர். முழுவதும் அழுத்தாமல் கையை விடாத ராட்செட் வகை வேண்டும். சிவப்பு, நீலம், மஞ்சள் முனைகளுக்கு ஒன்று. ரேடியோ, காக்பிட் திரைகள் ஆகியவற்றின் பின்னால் வரும் டி-சப் என்ற பல பின் இணைப்பிகளின் பின்களுக்கு நாலு பக்கமும் அழுத்தும் வேறொன்று. ஆன்டெனா கேபிளுக்கு இன்னொன்று. ஒவ்வொரு புதுக் கிரிம்பரிலும் முதலில் சில துண்டு வயர்களில் அழுத்தி, பலமாக இழுத்துப் பாருங்கள். விமானத்துக்கான டெஃப்செல் வயரின் உறை வழுக்கும், சாதாரண ஸ்ட்ரிப்பர் உள்ளே இருக்கும் இழைகளை வெட்டிவிடும். துல்லியமான டை உள்ள ஸ்ட்ரிப்பர் வாங்குங்கள்.

மல்டிமீட்டர் 50 டாலருக்குள் நல்லதே கிடைக்கும். ஆனால் எர்த் இணைப்பு சரியா என்று பார்க்க அதன் ஓம் அளவை நம்ப வேண்டாம். மீட்டரின் சொந்தக் கம்பிகளுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். நீங்கள் தேடுவது அதைவிடப் பல மடங்கு சிறியது. லேண்டிங் லைட் போன்ற சுமையைப் போட்டு மின்சாரத்தை ஓடவிட்டு, இணைப்பின் இரு பக்கமும் வோல்ட்டேஜ் அளங்கள். 10 ஆம்பியர் ஓடும்போது 0.1 வோல்ட் காட்டினால் அங்கே 0.01 ஓம் இருக்கிறது என்று பொருள்.

ஆன்டெனாவுக்கு நானோவிஎன்ஏ என்ற கையடக்கக் கருவி 100 டாலருக்குள் வருகிறது. கூடவே வரும் மூன்று முனைகளை வைத்து விமான ரேடியோ அலைவரிசையான 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை அளவுத்திருத்தம் செய்துவிட்டுத்தான் ஆன்டெனாவை மாட்ட வேண்டும். ஆன்டெனா எவ்வளவு சக்தியைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் எண் இந்த எல்லை முழுக்க 2க்குள் இருந்தால் நல்லது, 3ஐத் தாண்டினால் இணைப்பைத் தேடிப் பாருங்கள். இரும்புக் கூரைக்குள் நின்று அளந்தால் தப்பாகக் காட்டும், விமானத்தை வெளியே தள்ளி வந்து அளங்கள்.

8. குழாயும் தண்ணீரும் போதும் சோதனைகள்

விலையுயர்ந்த சோதனைப் பெட்டிகளை விளம்பரத்தில் பார்த்து மலைக்க வேண்டாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், அளவுகோல், நிறம் கலந்த தண்ணீர் இருந்தால் இரண்டு பெரிய சோதனைகள் முடிந்துவிடும்.

எரிபொருள் தொட்டி: கசிவுச் சோதனைக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது. தண்ணீர்க் குழாயில் அது 27.7 அங்குல உயரம். கம்ப்ரஸரை நேராக மாட்டினால் தொட்டி கண்முன்னே பிதுங்கும். சைக்கிள் பம்பால் மெல்ல ஏற்றுங்கள். வெயில் ஏறினாலும் வானிலை மாறினாலும் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும். அதனால் மட்டத்தை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம், எல்லா மூட்டிலும் சோப்பு நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தொட்டிக்கான பாலிசல்ஃபைடு பசைக்குக் காலாவதித் தேதி உண்டு. கிட்டோடு சேர்த்து வாங்கி அலமாரியில் வைக்காமல், தொட்டி வேலைக்கு இரண்டு வாரம் முன்பு தருவியுங்கள். பி-2 வகையில் கலந்த பின் சுமார் 2 மணி நேரம்தான் வேலை செய்யலாம்.

வேகமானி: எதிர்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குக் கொண்டுவரும் பிட்டோ குழாயில் தண்ணீர்க் குழாயைச் செருகி, மறுமுனையை மெல்ல உயர்த்துங்கள். இரண்டு பக்க மட்டத்துக்கும் இடையே சுமார் 6.5 அங்குல வித்தியாசம் வரும்போது மானி 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) காட்ட வேண்டும். 50 நாட்டுக்கு 1.6 அங்குலம். இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் ஸ்டால் வேகம் இந்த எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது, அங்கே மானி பொய் சொன்னால் தரையிறங்கும்போது ஆபத்து. பிட்டோவில் வாயால் ஊதுவதோ கம்ப்ரஸர் காற்றை விடுவதோ வேண்டவே வேண்டாம், மானி ஒரே நொடியில் போய்விடும். வெளிக்காற்றின் அழுத்தத்தை உயரமானிக்குக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயை ஊசி போடும் சிரிஞ்சால் மெதுவாக உறிஞ்சி, உயரமானி 1,000 அடி ஏறியதும் குழாயைக் கிள்ளிப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு. விடும்போதும் மெதுவாக.

ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரின் சோதனைக்கு மட்டும் கருவி வாங்க நினைக்காதீர்கள். அதை உரிமம் பெற்ற கடைதான் செய்து கையெழுத்திட வேண்டும், 24 மாதத்துக்கு ஒருமுறை. விமான நிலையத்துக்கே வந்து செய்பவர்களின் தேதி கிடைக்கச் சில வாரம் ஆகலாம். விமானத்தின் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி சரியா என்பதைப் பறந்த பிறகு எஃப்ஏஏ இணையதளத்தில் அறிக்கை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அது இலவசம்.

9. எரிபொருள் ஓட்டமும் எஞ்சினும்

முதல் பறப்புக்கு முன் செய்யும் சோதனைகளில் இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூக்கு மேல்நோக்கிய செங்குத்தான ஏற்ற நிலையில் விமானத்தை நிறுத்தி, எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, அளவு குறித்த கேனில் பிடியுங்கள். பம்பு வைத்த அமைப்பு என்றால் எஞ்சினின் உச்சத் தேவையில் 125 சதவீதமும், புவியீர்ப்பில் ஓடும் அமைப்பு என்றால் 150 சதவீதமும் வர வேண்டும். எஞ்சின் மணிக்கு 16 காலன் குடிக்கும் என்றால் பம்பில் 20 காலன் வேண்டும், அதாவது 3 நிமிடத்தில் ஒரு காலன். தொட்டிக்குத் தொட்டி தனித்தனியாக, எரிபொருள் குறைவாக இருக்கும்போதும் பாருங்கள். கேனையும் விமானத்தையும் எர்த் கம்பியால் இணையுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தேவை: கேன், ஸ்டாப்வாட்ச், உதவிக்கு ஓர் ஆள்.

சிலிண்டர் அழுத்தம் பார்க்கும் இரட்டை மீட்டர் கருவி, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் பெட்டி இரண்டும் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வேண்டும். இஏஏ கிளையில் இரவல் கேளுங்கள். அழுத்தம் பார்க்கும்போது 80 பிஎஸ்ஐ காற்று புரொப்பெல்லரைச் சடாரென்று சுழற்றிவிடும், தனியாளாகச் செய்யாதீர்கள். ஆர்பிஎம் மீட்டரைச் சரிபார்க்கும் ஒளி டேகோமீட்டர் விலை குறைவு, சொந்தமாகவே வாங்கலாம். குழல்விளக்கின் துடிப்பைப் புரொப்பெல்லர் என்று அது எண்ணிவிடும். பகல் வெளிச்சத்தில், காக்பிட்டில் உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாகக் காட்டுங்கள்.

10. எப்போது எதை வாங்குவது

வால் பகுதிக் கிட் வரும் முன்: ரிவெட் கருவிகள் எல்லாம், கம்ப்ரஸர், மேசை. செலவில் பெரும்பகுதி இங்கேயே முடியும். இறக்கைக்கு: கூடுதல் க்ளீக்கோ, தொட்டிப் பசை, சோதனைக் குழாய்கள். உடற்பகுதிக்கு: 37 பாகை விரிப்பான், சின்ன டார்க் ரெஞ்ச் ஏற்கெனவே இல்லையென்றால் அது. மின்வேலைக் கருவிகளைத் திரைகளும் ரேடியோவும் முடிவான பிறகு வாங்குங்கள், எந்தப் பின் வரும் என்று அப்போதுதான் தெரியும். பெரிய டார்க் ரெஞ்ச் எஞ்சினோடு வந்தால் போதும்.

பழைய கருவித் தொகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். விமானம் கட்டி முடித்தவர்கள் முழுப் பெட்டியாக விற்பார்கள். வாங்கும்போது கன்னைக் காற்றில் மாட்டி அடித்துப் பாருங்கள், டைகளில் துரு, கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். டார்க் ரெஞ்ச், கிரிம்பர் இரண்டையும் மட்டும் பழையதாக வாங்க மாட்டேன். நல்ல தொகுப்பைக் கடைசியில் நீங்களும் விற்கலாம், போட்ட பணத்தில் கணிசமான பகுதி திரும்பும்.

11. எடை போடுவது, கடைசிக் காகிதங்கள்

ஆர்வி-7 போன்ற விமானம் காலியாகவே 500 கிலோ அளவில் வரும். முக்கியச் சக்கரம் ஒவ்வொன்றிலும் 200 கிலோவுக்கு மேல் விழும், குளியலறைத் தராசு தாங்காது. பந்தயக் கார்களுக்கான தராசுத் தட்டுகள் பல இஏஏ கிளைகளில் இருக்கின்றன. எடை தெரிந்த ஒன்றை ஒவ்வொரு தட்டிலும் வைத்துச் சரிபாருங்கள். கதவு மூடிய ஹேங்கருக்குள், விமானத்தை ரசமட்டம் வைத்துப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஒருமுறை எடை பார்த்ததும் தட்டுகளை இடம் மாற்றி மறுபடி பாருங்கள். சக்கர மையங்களின் தூரத்தைத் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து அளங்கள்.

பதிவு விண்ணப்பத்தை ஆய்வு நாளுக்கு மூன்று மாதமாவது முன்பே அனுப்புங்கள். பதிவுச் சான்று கையில் இல்லாமல் ஆய்வாளர் வந்தும் பயனில்லை. அவருக்குக் காட்ட வேண்டியவை: பதிவுச் சான்று, பறக்கும் தகுதிச் சான்றுக்கான 8130-6 விண்ணப்பம், கட்டியவர் நீங்கள்தான் என்று சொல்லும் 8130-12, எடைச் சமநிலை அறிக்கை, விமானத்தை மூன்று கோணங்களில் காட்டும் வரைபடம் அல்லது புகைப்படங்கள், கட்டுமானப் பதிவேடு. எஃப்ஏஏ அலுவலர் வந்தால் கட்டணம் இல்லை, ஆனால் தேதி கிடைப்பது கடினம். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வாளர் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்துக்கு மேலும் கேட்பார், தூரத்தைப் பொறுத்தது. கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மறுபடி வர நேர்ந்தால் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதற்கு முன்பே, தொட்டியை மூடும்போதும் இறக்கையின் அடித்தோலை மூடும்போதும், இஏஏ தொழில்நுட்ப ஆலோசகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உறுப்பினர்களுக்கு இது இலவசம். அவர் வந்து பார்த்த தேதியைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். காப்பீட்டு நிறுவனமும் அதைக் கேட்கலாம்.